டப்பாக் காப்பிக்கு 'பில்டர்' பட்டமா?

கலியாண வீட்டுக்குப் போனாலும் சரி, துக்கம் விசாரிக்கப் போனாலும் சரி, அங்கே கொடுத்த காப்பியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாமல் வீடு திரும்பும் தமிழர்கள் குறைவு. "வெறும் வெந்நீர்", "பாலில் தண்ணீர்", "இரண்டாம் டிகாக்‌ஷன்" என்று படி இறங்கும்போதே தீர்ப்பு வந்துவிடும். சட்டம் படிக்காமலே நீதிபதி ஆகும் உரிமை நமக்கெல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

அந்த நீதிமன்றத்துக்கு இப்போது ஒரு வழக்கு வந்திருக்கிறது. வெந்நீரில் போட்டுக் கலக்கினால் கரைந்துவிடும் இன்ஸ்டன்ட் காப்பித் தூளை விற்கும் பெரிய கம்பெனிகள், வெகு காலமாக "சீக்கிரம் தயார்" என்பதையே பெருமையாகச் சொல்லி வந்தன. இப்போது சிலருக்கு அது போதவில்லை. "அசல் பில்டர் காப்பியின் ருசி" என்று டப்பாவிலும் சிறு பொட்டலத்திலும் அச்சிடுகிறார்கள். வெளியே படத்தில் இருப்பது டபரா செட். உள்ளே இருப்பது கரையும் தூள். இந்தப் பட்டம் அந்தத் தூளுக்குத் தகுமா? இதுதான் வழக்கு.

விசாரணைக்கு ஏற்ற ஊர்

இதை விசாரிக்கத் திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பகுதி மிகவும் பொருத்தமான இடம். கும்பகோணத்தில் விசாரித்தால் தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார்கள், நடுநிலை இராது. பெரிய கோயிலிலிருந்து செங்கம் சாலையில் சுமார் 2 கிலோ மீட்டர் வந்தால் இந்தப் பகுதி. இங்கே எல்லாக் காப்பியும் உண்டு. எல்லா நாக்கும் உண்டு.

பால் பிரண்டன் 1934-ல் வெளியிட்ட புத்தகத்தால் ரமண மகரிஷியின் பெயர் மேல்நாடுகளில் பரவியது. ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் 1938-ல் இங்கே வந்து போனார். வெளிநாட்டார் வரவு இன்றும் நிற்கவில்லை. அவர்களுக்காக யந்திரத்தில் நீராவி சீற எஸ்பிரஸோ போட்டுக் கொடுக்கும் கடைகள் உண்டு. பக்கத்திலேயே டிகாக்‌ஷன் இறக்கி ஆற்றிக் கொடுக்கும் சைவ ஓட்டல். எதிரே டீக்கடை. மாதக் கணக்கில் தங்குகிறவர்களின் வாடகை அறையிலோ மின்சாரக் கெட்டிலும், காப்பித் தூள் பொட்டலமும். பௌர்ணமி இரவில் 14 கிலோ மீட்டர் கிரிவலம் நடக்கும் ஜனங்களுக்குக் காகித டம்ளரில் கிடைக்கும் காப்பி தனி ரகம். இத்தனை ரகத்தையும் ஒரே சாலையில் குடித்துப் பார்க்க வேறு எங்கே முடியும்?

தூள் பிறந்த கதை

கரையும் காப்பியை ஏதோ நேற்று வந்த மோசடி என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. பிரேசில் நாட்டில் காப்பிக் கொட்டை விற்காமல் மலைபோல் தேங்கிக் கிடந்தது. கெடாமல் வைக்க வழி கேட்டார்கள். சுவிட்சர்லாந்தின் நெஸ்லே கம்பெனியில் மாக்ஸ் மார்கன்தாலர் என்ற ரசாயன நிபுணர் பல ஆண்டுகள் பாடுபட்டார். 1938-ல் நெஸ்கபே கடைக்கு வந்தது. அடுத்த ஆண்டே யுத்தம். போர்க்களத்தில் பில்டரை வைத்துக்கொண்டு உட்கார முடியுமா? கரையும் தூள் சிப்பாயின் பையில் ஏறி உலகம் சுற்றியது.

நம் நாட்டில் புரூக் பாண்ட் கம்பெனி 1968-ல் புரூ இன்ஸ்டன்டைக் கொண்டுவந்தது. காப்பியோடு சிக்கரியும் சேர்ந்த தூள் அது. சிக்கரி கலந்த காப்பிக்குப் பழகிய தென்னாட்டு நாக்கை அறிந்து செய்த ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும்.

மூன்று டம்ளர் சோதனை

ரமண நகரில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு சின்னச் சோதனை நடத்தினோம். மூன்று டம்ளர். முதலாவது, அரைவைக் கடையில் அன்று காலை அரைத்த தூள். 80 பங்கு காப்பி, 20 பங்கு சிக்கரி. பித்தளை பில்டரில் இறக்கியது. இரண்டாவது, சிக்கரி கலவாத இன்ஸ்டன்ட். மூன்றாவது, "பில்டர் ருசி" என்று பட்டம் சூடிய இன்ஸ்டன்ட். அதில் சிக்கரியும் உண்டு. மூன்றுக்கும் ஒரே பால், ஒரே அளவு சர்க்கரை. கம்பெனிகளின் பெயரைச் சோதித்தவர்களுக்குச் சொல்லவில்லை. இங்கும் சொல்லப் போவதில்லை. வழக்கு ஒரு கம்பெனி மீதல்ல, ஒரு பட்டத்தின் மீது.

ஐந்து பேர் குடித்தார்கள். ரிட்டயரான பள்ளி ஆசிரியர் ஒருவர், "வாசலில் வரும்போதே சொல்லிவிடுவேன்" என்று மார் தட்டினார். நுரை தளும்ப நின்ற மூன்றாவது டம்ளரைக் காட்டி, "இதுதான் அசல்" என்றார். வீட்டுக்கார அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "சர்க்கரை போட்டா எல்லாம் காப்பிதான் சார்" என்று ஆட்டோ ஓட்டுகிற தம்பி வழக்கையே தள்ளுபடி செய்தார். ஆண்டுதோறும் வந்து தங்கும் ஐரோப்பியப் பெண்மணி ஒருவர் தமக்குத் தெரிந்த தமிழில், "இதில் வாசனை இல்லை, கசப்பு மட்டும் இருக்கு" என்று மூன்றாவதைத் தள்ளி வைத்தார். சரியான வாக்கு பூக்கார அம்மாவிடமிருந்து வந்தது: "சூடா இருக்கறப்ப மூணும் ஒண்ணுதாங்க. ஆற விட்டுக் குடிச்சாத்தான் தெரியுது."

ஆற விட்டுக் குடித்தோம். முதல் டம்ளரில் கசப்பு இருந்தது. ஆனால் விழுங்கிய பிறகு அது மெல்லத் தித்திப்பாக மாறி, நாக்கில் வெகு நேரம் நின்றது. இரண்டாவதில் லேசான புளிப்பு, பிறகு ஒன்றுமில்லை. மூன்றாவதில் நிறம் பிரமாதம், கெட்டியும் குறைவில்லை. ஆனால் வாசனை முதல் வாயோடு முடிந்து, கருகிய வெல்லம் போன்ற ஒரு ருசி அடியில் தங்கியது. சர்க்கரை இல்லாமல் மறுபடி கலந்து கொடுத்தபோது ஆசிரியரும் தம் தீர்ப்பை மாற்றிக்கொண்டார்.

ஆக, மூன்றாவது டம்ளர் மோசமான பானமா? இல்லை. பஸ் நிலையத்தில், மழையில், தலைவலியில் யாராவது நீட்டினால் வாழ்த்திக் குடிக்கலாம். அது பில்டர் காப்பியா என்பதுதான் கேள்வி.

வாசனை எங்கே போயிற்று?

வறுத்த காப்பிக் கொட்டையில் 800-க்கும் மேற்பட்ட வாசனைப் பொருள்களை விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். பலவும் காற்றில் பறந்துவிடும் சுபாவம் உள்ளவை. அதனால்தான் கொட்டை அரைக்கும் கடை இருக்கும் தெருவே மணக்கிறது. மணம் தெருவுக்கு வந்துவிட்டால் தூளில் குறைந்துவிட்டது என்றுதானே பொருள்? அன்றன்றைக்கு அரைக்கச் சொல்லும் பாட்டிமார்களின் பிடிவாதத்தில் நியாயம் இருக்கிறது.

பில்டரில் என்ன நடக்கிறது? மேல் பாத்திரத்தில் தூளை இட்டு, துளையுள்ள குடையால் அமுக்கி, கொதிநீரை ஊற்றி மூடிவிடுகிறோம். நீர் தன் எடையால் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அவசரமில்லை, அழுத்தமில்லை, மூடி இருப்பதால் வாசனையும் ஓடவில்லை.

தொழிற்சாலையில் கதை வேறு. அங்கே ஒரு கிலோ கொட்டையிலிருந்து முடிந்த மட்டும் சத்தை இறக்கினால்தான் கட்டுபடியாகும். ஆகவே கொதிநிலையைக் கடந்த சூட்டில், அழுத்தத்தில், நீரைப் பாய்ச்சுகிறார்கள். வீட்டில் சக்கையோடு குப்பைக்குப் போக வேண்டியதும் அங்கே சாற்றில் வந்துவிடுகிறது. பிறகு சாற்றைச் சுண்ட வைத்து, உயர்ந்த கோபுரத்துக்குள் வெப்பக் காற்றில் தூவுகிறார்கள். நீர் ஆவியாகித் தூள் கீழே விழுகிறது. நீரோடு மணமும் புறப்பட்டுவிடுகிறது. அதைப் பிடித்துத் திரும்பத் தூளில் சேர்க்கும் சாமர்த்தியமும் இன்று உண்டு. டப்பாவை முதல் தடவை திறக்கும்போது மூக்கைத் துளைக்கும் வாசனைக்கு அது ஒரு காரணம். உறைய வைத்து, காற்றில்லா அறையில் பனிக்கட்டியை நேரே ஆவியாக்கும் முறை இன்னும் மேலானது, விலையும் மேலானது.

இதில் குற்றம் எதுவும் இல்லை. பெரிய தொழிலின் இயல்பு இது. ஆனால் பொறுமையால் கிடைக்கும் ருசியை அவசரத்தால் செய்துவிட்டேன் என்று சொன்னால், எதையோ ஈடு வைத்திருக்க வேண்டும் அல்லவா? அந்த ஈடு பெரும்பாலும் சிக்கரிதான்.

சிக்கரி என்ற கூட்டாளி

சிக்கரி ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்தால் கறுப்பு நிறம், கெட்டி, ஒரு வகைக் கசப்பு எல்லாம் கொடுக்கும். காபின் மட்டும் கிடையாது. நெப்போலியன் காலத்தில் கடல் வாணிபம் தடைப்பட்டு, காப்பி கிடைக்காமல் பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கலக்கப் பழகினார்கள். நம் நாட்டில் குஜராத்தில் மிகுதியாக விளைகிறது. அளவோடு சேர்த்தால் டிகாக்‌ஷனுக்கு உடம்பு தரும். நூற்றுக்கு 15, 20 வரை நமக்கும் ஆட்சேபணை இல்லை.

ஆனால் சட்டம் எவ்வளவு இடம் கொடுக்கிறது தெரியுமா? காப்பி-சிக்கரிக் கலவை என்று விற்பதில் குறைந்தது 51 சதவிகிதம் காப்பி இருந்தால் போதும். 49 வரை சிக்கரி இருக்கலாம். அந்தக் கணக்கை உறையில் அச்சிட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அச்சிடுகிறார்கள். 70-30, 60-40, 53-47 என்று பல கணக்குகளைக் கடையில் காணலாம். 53 என்பது தேர்தலில் பெரும் வெற்றி. டம்ளரில் அப்படிச் சொல்ல முடியுமா?

இது வெறும் நாக்கு விவகாரம் அல்ல. பணத்து விவகாரமும் கூட. 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அராபிகா காப்பி ஒரு ராத்தல் 4 டாலரைத் தாண்டி, அதுவரை காணாத உச்சத்துக்குப் போயிற்று. கொட்டை விலை ஏறும்போது வியாபாரிக்கு இரண்டு வழி: டப்பா விலையை ஏற்றுவது, அல்லது விலையை அப்படியே வைத்துச் சிக்கரியைக் கூட்டுவது. முதலாவது உடனே கண்ணில் படும். இரண்டாவது, உறையின் மூலையில் இருக்கும் சின்ன எழுத்தைப் படிக்கிறவருக்குத்தான் தெரியும். இன்ஸ்டன்ட் காப்பிக்கு இருந்த ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. வரி குறைந்த லாபத்தில் ஒரு பங்கு கொட்டையாக டப்பாவுக்குள் வரட்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

பீர்க்காரர்கள் கண்ட அனுபவம்

பெரிய கம்பெனி சிறியவனின் பட்டத்தைக் கேட்பது காப்பியில் மட்டும் நடப்பதல்ல. கோயில் நகரத்துக் கட்டுரையில் பீர்ப் பேச்சா என்று முகம் சுளிக்க வேண்டாம். உவமைக்கு மட்டும் சொல்கிறோம்.

அமெரிக்காவில் பெரிய ஆலைகள் வடிப்பது பெரும்பாலும் லாகர் என்ற வெளிறிய பீர். குளிர்ச்சியில் புளிக்க வைப்பது. சிறு ஆலைக்காரர்கள் சிலர் 1980-களில் இருந்து, மிதமான சூட்டில் புளிக்கும் ஏல் வகையைப் பரப்பினார்கள். வறுத்த முளைத் தானியத்தால் தாமிர நிறம் பெறும் 'அம்பர் ஏல்' அவற்றில் ஒன்று. அதற்கு மவுசு ஏறியதும், பட்வைசர் கம்பெனி 2008-ல் தன் பெயரிலேயே தாமிர நிறத்தில் ஓர் ஏல் இறக்கியது. சிறு ஆலைகள் பயன்படுத்தும் காஸ்கேட் என்ற வாசனைப் பூவையும் சேர்த்தது. பணத்துக்குப் பஞ்சமில்லை, விளம்பரத்துக்கும் பஞ்சமில்லை. சில ஆண்டுகளிலேயே அந்தச் சரக்கு சந்தையிலிருந்து மறைந்தது.

காரணம் என்ன? நமக்குத் தோன்றுவது இது. பழைய வாடிக்கைக்காரர் விலகக் கூடாது, புதியவரும் வர வேண்டும் என்று இரு பக்கமும் தலையாட்டிச் செய்த பண்டம் அது. கோடிப் பேருக்கு ஒரே ருசி வேண்டுமானால், எவருக்கும் பிடிக்காத முனைகளை எல்லாம் தேய்த்துவிட வேண்டும். முனையோடு முகமும் தேய்ந்துவிடுகிறது. "பில்டர் ருசி" தூளின் கதியும் இதுவே.

பில்டர்காரர்களுக்கும் ஒரு வார்த்தை

இதுவரை படித்துவிட்டுப் பித்தளை பில்டர் வைத்திருப்பவர்கள் கர்வப்பட்டுக்கொள்ள வேண்டாம். அவர்களிடம் கேட்கவும் நமக்கு இரண்டு கேள்விகள் உண்டு.

பாரம்பரியம் என்று இன்று நாம் கொண்டாடும் இந்தக் காப்பியே ஒரு காலத்தில் புது வரவு. நீராகாரத்தையும் பழைய சோற்றையும் விரட்ட வந்த விஷம் என்று பெரியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். காப்பி ஓட்டல்களில் ஜாதி பார்த்து இடம் ஒதுக்கிய கொடுமையும் இருந்தது. ஓட்டல் பலகையில் 'பிராமணாள்' என்ற சொல் கூடாது என்று சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் 1957-ல் பெரியார் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. "எங்கள் காப்பிதான் காப்பி" என்ற பேச்சில் ருசியின் பெருமை எவ்வளவு, குலத்தின் பெருமை எவ்வளவு என்று எடை போட்டுப் பார்க்க வேண்டும். டப்பாத் தூளுக்கு அந்தப் பேதம் தெரியாது. காசு கொடுத்தவர் யாராக இருந்தாலும் ஒரே மாதிரி கரையும். அதற்காக அதற்கு ஒரு கும்பிடு போடலாம்.

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து டிகாக்‌ஷன் இறக்கியவர் யார்? ஆவி பறக்கும் டம்ளரைக் கையில் வாங்கி, பேப்பரைப் பிரித்துக்கொண்டு, "இன்றைக்குக் கொஞ்சம் நீர்த்துவிட்டது" என்று சொன்னவர் யார்? ஆண்கள் நாக்கின் புகழுக்குப் பெண்கள் தங்கள் தூக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள். எத்தனையோ வீட்டு அடுக்களையில் கரையும் தூள் அரை மணி நேரம் விடுதலை வாங்கிக் கொடுத்தது. பில்டர் காப்பிதான் வேண்டும் என்கிற ஆண்பிள்ளை, முதல் நாள் இரவே பில்டரில் தூள் போட்டுவிட்டு, காலையில் தானே எழுந்து வெந்நீர் ஊற்றட்டும். அப்புறம் தீர்ப்புச் சொல்லட்டும்.

நம் தீர்ப்பு

கரையும் தூள், கரையும் தூளாகவே விற்கட்டும். பிரயாணிக்கும் தனியாள் வாழ்க்கைக்கும், மாணவர் விடுதிக்கும், காலையில் வேலைக்கு ஓடும் பெண்மணிக்கும் அது நல்ல துணை. அதை ஏளனம் செய்கிறவர்கள் அவர்கள் வேலையையும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

ஆனால் 'பில்டர்' என்ற சொல் ஒரு ருசியின் பெயர் மட்டும் அல்ல. ஒரு செய்முறையின் பெயர். சொட்டாமல் செய்ததற்கு அந்தப் பெயர் இல்லை. கம்பெனிகள் அதை எடுத்துவிடட்டும். சிக்கரிக் கணக்கை மூலையில் ஒளிக்காமல், உறையின் முன்பக்கத்தில், காப்பி என்ற எழுத்தின் அளவுக்கே, தமிழிலும் போடட்டும். ஓட்டல்காரர்களும் விலைப் பலகையில் ஒரு வரி சேர்க்கலாம்: இது பில்டரா, தூளா, சிக்கரி எவ்வளவு. கிரிவலம் முடித்துக் கால் வலியோடு வருகிறவர் பத்திருபது ரூபாய் கொடுத்துக் குடிக்கும்போது, எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பார்.

பேர் போய்விட்டால் ருசியும் பின்னாலேயே போய்விடும் என்பதுதான் நம் கவலை. இன்று வளரும் குழந்தை, பில்டர் காப்பி என்றால் டப்பாவில் எழுதியிருப்பதுதான் என்று பழகிவிட்டால், நாளைக்கு அரைவைக் கடையைத் தேடிப் போக அதற்குக் காரணமே இராது. கடைத்தெருவில் மணத்தை வழியெங்கும் இறைத்துக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன யந்திரமும் ஒரு நாள் நின்றுவிடும்.

வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த தடவை பொட்டலத்தைக் கையில் எடுக்கும்போது திருப்பிப் பாருங்கள். சிக்கரி எத்தனை சதவிகிதம் என்று படியுங்கள். பிறகு காப்பியை, பூக்கார அம்மா சொன்ன மாதிரி, சற்று ஆற விட்டுக் குடித்துப் பாருங்கள். சூட்டில் எல்லாக் காப்பியும் சத்தியம் பேசுவது போலத்தான் இருக்கும். ஆறிய பிறகு பேசுவதுதான் சாட்சி.